வேர்ச்சொல் தேடிப் போன கதை

பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு வேப்பமரத்தடியில் எங்கள் வாசிப்பு வட்டம் மாதம் ஒருமுறை கூடுகிறது. போன கூட்டம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு ஒரு தம்பி மட்டும் தயங்கி நின்றான். முதுகலை வரலாறு படிக்கிறான். பையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்து நீட்டினான்.

"அண்ணே, இதப் புத்தகமாப் போடலாம்னு இருக்கேன். நீங்கதான் முன்னுரை எழுதித் தரணும்."

முதல் பக்கத்தில் ஒரு வரைபடம். கருங்கடல் பக்கம் தொடங்கி, ஈரானைக் கடந்து, சிந்து வழியாக ஹரியானா வரை ஓர் அம்பு. வடக்கே ஜாட் சாதியினரின் பூர்வீகம் பற்றி ஏதோ ஒரு காணொளியில் பார்த்து வரைந்திருக்கிறான். பழைய கிரேக்க எழுத்தாளர்கள் சொன்ன 'கெட்டே' என்ற மக்கள்தான் 'ஜாட்' ஆனார்கள் என்பது அந்தக் காணொளியின் வாதம். அடுத்த பக்கத்தில் அவனுடைய சொந்த வரைபடம். புத்தர் மறைந்த குசிநகரத்தை ஆண்ட மல்லர்கள், அங்கிருந்து பாஞ்சால தேசம், அங்கிருந்து நேராகத் தெற்கே ஓர் அம்பு. முனையில் பாஞ்சாலங்குறிச்சி. மல்லர் மள்ளராகி, மள்ளர் பள்ளராகி, நாம் ஆனோம் என்று கீழே எழுதியிருந்தான்.

"இந்த அம்புக்கு ரெண்டு பக்கமும் முனை இருக்கேப்பா?" என்றேன்.

"அங்க இருந்து இங்க வந்தோமா, இங்க இருந்து அங்க போனோமான்னு தெரியலண்ணே. நீங்க சொல்லுங்க, ஒரு பக்கம் அழிச்சிருதேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. 1998-ல், எனக்கு 22 வயதில், நானும் இதே வேலையைச் செய்தவன். 16 பக்கத்தில் ஒரு சிறு நூல், 500 பிரதி, நண்பர்களிடம் வசூல் செய்து அச்சடித்தது. இன்று ஒரு பிரதியும் என்னிடம் இல்லை. அதைப் பற்றி எங்கும் எழுதியதும் இல்லை. அந்தத் தம்பிக்கு முன்னுரை எழுதுவதற்குப் பதில் இதை எழுதுகிறேன். அவனுக்கு மட்டுமல்ல, அவனைப் போல நோட்டு வைத்திருக்கும் எல்லோருக்கும்.

முயலும் புங்க மரமும்

முதலில் ஊர்ப் பெயர். பாஞ்சாலங்குறிச்சிக்கு நம் பக்கத்தில் சொல்லும் கதை உங்களுக்குத் தெரியும். கட்டபொம்மனின் முன்னோர் வேட்டைக்குப் போன இடத்தில், விரட்டிய நாய்களை ஒரு முயல் திரும்பி நின்று விரட்டியதாம். வீரம் விளையும் மண் இது என்று அங்கேயே கோட்டை கட்டி, பாஞ்சாலன் என்ற பாட்டனார் பெயரை வைத்தார்களாம். நல்ல கதை. ஆனால் இதே முயல் விஜயநகரத்திலும் நாய்களை விரட்டியிருக்கிறது. குஜராத்தில் அகமதாபாத் உருவான கதையிலும் விரட்டியிருக்கிறது. ஒரே முயல் இத்தனை ஊரில் ஓட முடியாது. ஊர் ஊராகப் போனது கதைதான்.

கட்டபொம்மன் என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். 'கெட்டி பொம்மு' என்ற தெலுங்குப் பெயர் நம் வாயில் கட்டபொம்மன் ஆனது. அவர் பிறந்த கம்பளத்தார் சமூகத்துக்கும் ஓர் இடப்பெயர்ச்சிக் கதை உண்டு. வடக்கே ஒரு அரசன் பெண் கேட்டான், கொடுக்க மனமில்லாமல் இரவோடு இரவாகப் புறப்பட்டார்கள், வழியில் வெள்ளம், அக்கரையில் நின்ற புங்க மரங்கள் வளைந்து பாலமாயின என்று போகும். அந்த மரம் வளைந்ததா என்று ஆராய்வது வீண் வேலை. தெலுங்கு பேசிய மக்கள் தெற்கே வந்தது உண்மை. அவர்கள் மானத்தோடு வந்தோம் என்று சொல்லிக்கொள்ள விரும்பினார்கள் என்பதும் உண்மை. கதையிலிருந்து எடுக்க வேண்டியது அவ்வளவுதான்.

ஆக, பாஞ்சாலன் என்ற ஒரு பாட்டனாரின் பெயரிலிருந்து பாஞ்சாலிக்கும், பாஞ்சாலியிலிருந்து கங்கைக் கரைக்கும் அம்பு போடுவதற்கு நம்மிடம் இருப்பது ஒலி ஒற்றுமை ஒன்றுதான்.

இந்த வழியை யார் போட்டார்கள்?

ஒலி ஒற்றுமையை வைத்து மக்களின் பூர்வீகம் சொல்லும் பழக்கத்தை நம் தாத்தாக்கள் கண்டுபிடிக்கவில்லை. கம்பெனி அதிகாரிகளும் பாதிரிமார்களும் பேராசிரியர்களும் போட்ட தடம் அது. ஜேம்ஸ் டாட் என்ற அதிகாரி 1829-லும் 1832-லும் இரண்டு பாகமாக ராஜஸ்தான் வரலாற்றை வெளியிட்டார். ஜாட்களைக் கெட்டே மக்களோடு சேர்த்தது அவர்தான். பிறகு அலெக்சாண்டர் கன்னிங்காம் வந்து வேறு பழம்பெயர்களோடு பொருத்திப் பார்த்தார். சிவனின் சடையிலிருந்து பிறந்ததால் ஜாட் என்று அந்த மக்களிடம் ஒரு கதையும் உண்டு. ஒரே சொல்லுக்குக் கருங்கடலும் பொருந்துகிறது, கைலாசமும் பொருந்துகிறது. எல்லாப் பூட்டையும் திறக்கும் சாவியை நாம் சந்தேகப்பட வேண்டும்.

நம் பக்கமும் இதே வேலை நடந்தது. சைமன் காசிச்செட்டி 1837-ல் இந்தக் கடற்கரையின் பரதவர்களைப் பற்றி எழுதினார். பரதவர் என்ற பெயர் மகாபாரதத்துப் பரத குலத்தோடு சேர்த்துப் பேசப்பட்டது. கால்டுவெல் 1849-ல் சாணார்கள் இலங்கையிலிருந்து வந்தவர்கள் என்று எழுத, அந்தச் சமூகம் கொதித்தெழுந்து, 'சான்றோர்' என்பதுதான் எங்கள் பெயரின் மூலம் என்று பதில் நூல்கள் எழுதியது. சென்னை மாநிலக் கல்லூரியில் சமஸ்கிருதப் பேராசிரியராக இருந்த குஸ்தாவ் ஓப்பெர்ட் என்ற ஜெர்மானியர் 1893-ல் வெளியிட்ட நூலில் மல்லர், பள்ளர், பறையர் என்று ஒலி நெருங்கும் பெயர்களையெல்லாம் ஒரே கட்டாகக் கட்டி, மலை என்ற சொல்லின் பக்கம் கொண்டுபோனார். பறையர் என்பதற்கே 'பஹாடியா', மலைவாசி என்று பொருள் சொன்னார். தம்பி, நீ காணொளி பார்த்து வரைந்த அம்பை ஒரு வெள்ளைக்காரர் 130 வருடத்துக்கு முன்பே வரைந்துவிட்டார். சாதியப் பட்டியல் போட்டு நம்மை ஆள வந்த காலத்தின் கருவி அது.

சொல் ஆராய்ச்சி எல்லாமே பொய் என்று நான் சொல்லவில்லை. அதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. தமிழில் பால், கன்னடத்தில் ஹாலு. புலி, ஹுலி. பல், ஹல்லு. பத்து, ஹத்து. ஒரு சொல்லில் பகரம் ஹகரமானால் அதே நிலையில் இருக்கும் மற்ற சொற்களிலும் ஆக வேண்டும். அப்படி வரிசையாக ஆனால்தான் அது விதி. இப்போது 'மள்ளர்' ஒலி மாறிப் 'பள்ளர்' ஆயிற்று என்று சொன்னால், மரம் பரமாகியிருக்க வேண்டும், மண் பண்ணாகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

ஆனால் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மள்ளர் என்ற சொல் சங்க நூல்களில் வீரருக்கும் உழவருக்கும் வருகிறது. முக்கூடற்பள்ளில் பள்ளனையே மள்ளர் குலத்தவன் என்று சொல்லும் இடம் உண்டு. ஒரே மக்களுக்கு இரண்டு பெயர் வழங்கியது என்பதற்கு அது இலக்கியச் சான்று. வயலைக் குறிக்கும் 'பள்ளம்' என்ற சொல்லிலிருந்து பள்ளர் வந்தது என்று சொல்வோரும் உண்டு. தாழ்ந்த நிலம்தான் தண்ணீர் நிற்கும் நிலம், தண்ணீர் நிற்கும் நிலம்தான் நெல் விளையும் நிலம். தாழ்வு என்பது நிலத்துக்குச் சொன்னது. அதை மனிதன் தலையில் ஏற்றியது பிறகு நடந்த அநியாயம். இவ்வளவையும் தைரியமாகப் பேசலாம். இதற்குக் குசிநகரம் தேவையில்லை, கருங்கடல் தேவையே இல்லை.

ஏன் தேடினோம்?

நான் ஏன் தேடினேன் என்பதைச் சொல்லாவிட்டால் இது மேடையில் நின்று அறிவுரை சொல்வதாகிவிடும்.

பத்தாம் வகுப்பு படிக்கும்போது சாதிச் சான்றிதழுக்காக ஓர் அலுவலகத்துக்குப் போனேன். திண்ணையில் இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே இருந்தவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை. சாதிப் பெயரை, கடைசியில் 'ன்' போட்டு, ஊரே கேட்கும்படி கூப்பிட்டார். நான் எழுந்து போகும்போது யாரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லோரும் வேறு எங்கேயோ பார்த்தார்கள். அது பார்ப்பதைவிட மோசம். அன்று இரவு அம்மா உப்பளத்திலிருந்து வந்து, வெடித்த கால்களுக்கு எண்ணெய் தடவிக்கொண்டே, "சான்றிதழ் கிடைச்சிச்சா?" என்று கேட்டாள். கிடைத்தது என்றேன். வேறு எதையும் சொல்லவில்லை.

இந்தப் பெயருக்கு வேறு ஏதாவது அர்த்தம் இருந்தாக வேண்டும் என்று அன்றே எனக்குள் விழுந்தது. அந்த மனிதர் கூப்பிட்ட அர்த்தம் உண்மையான அர்த்தமாக இருக்கக் கூடாது. உங்களில் எத்தனை பேருக்கு இப்படி ஒரு திண்ணை இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அந்தத் தம்பியைக் கேலி செய்ய என்னால் முடியவில்லை.

நம் முன்னோடிகளும் சொல்லைத் தோண்டினார்கள். ஜோதிராவ் புலே 1873-ல் எழுதிய 'குலாம்கிரி'யில், மகார் என்ற பெயரை 'மகா அரி', பெரிய எதிரி என்று பிரித்தார். அயோத்திதாசப் பண்டிதர், 1907-ல் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' இதழில் சொல் சொல்லாக எடுத்துப் பிரித்து மேய்ந்தார். வேஷ பிராமணர்களின் வேஷத்தை ஊராருக்குப் பறைந்தவர்கள், அதாவது எடுத்துச் சொன்னவர்கள், பறையர் எனப்பட்டார்கள் என்றார். இன்றைய மொழியியல் விதிப்படி இவை நிற்குமா என்று கேட்டால் சிரமம்தான். ஆனால் அவர்கள் என்ன கேட்டார்கள் என்று பாருங்கள். எங்களை இந்த நிலைக்குத் தள்ளியது யார், எப்போது, எதற்காக? நாங்கள் எதிர்த்தோமா? இதுதான் அவர்கள் கேள்வி. தீண்டாமைக்குப் பிறப்பிடம் உண்டு, ஒரு தேதி உண்டு, ஆகவே அதற்கு ஒரு முடிவும் உண்டு என்று காட்டத்தான் சொல்லைத் தோண்டினார்கள்.

அம்பேத்கர் 1948-ல் 'தீண்டப்படாதோர் யார்?' என்ற நூலை நந்தனார், ரவிதாஸ், சோகாமேளர் மூவர் நினைவுக்கும் காணிக்கையாக்கினார். தீண்டப்படாதவர்கள் தனி இனம் என்ற கோட்பாட்டை அந்த நூலில் அவர் மறுக்கிறார். சான்றுச் சங்கிலி அறுந்த இடத்தில் ஊகத்தால் பாலம் கட்டுகிறேன் என்று முன்னுரையிலேயே மறைக்காமல் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறார். நாம் அவரிடம் கற்க வேண்டிய முதல் பாடம் இந்த நேர்மை.

1998-ல் நான் எழுதிய நூலில் இந்தக் கேள்விகள் இல்லை. நாங்கள் யாரை ஆண்டோம், யாருக்கு மேலே இருந்தோம் என்பதுதான் 16 பக்கமும். ஆண்டவனுக்குத்தான் மரியாதை, ஆளப்பட்டவனுக்கு இல்லை என்ற அவர்கள் அளவுகோலை அப்படியே வாங்கி, என் உயரத்தை அளந்து காட்ட முயன்றேன். அளவுகோலை உடைக்க வேண்டும் என்று தோன்றவில்லை.

"நான் எந்த ஊருக்குப் போகணும்?"

அந்த நூலின் 11-ஆம் பக்கத்தில் ஒரு பத்தி இருந்தது. நாங்கள் இந்த மண்ணின் மூத்த குடி, இன்னின்னார் பிறகு வடக்கிலிருந்து வந்தவர்கள் என்று ஒரு பட்டியல். நாயக்கர் காலத்தில் வந்தவர்கள் என்று அருந்ததியர்களையும் அதில் சேர்த்திருந்தேன். 'வந்தேறி' என்ற சொல்லை எழுதினேன். எழுதும்போது கை நடுங்கவில்லை. வாதத்துக்கு வலு சேர்ப்பதாகத்தான் நினைத்தேன்.

எங்கள் குழுவில் தூத்துக்குடி நகரத்துத் துப்புரவுத் தொழிலாளி ஒருவரின் மகன் இருந்தான். என்னைவிட மூன்று வயது இளையவன். சுவரொட்டி ஒட்டுவதற்குப் பசை காய்ச்சுவதிலிருந்து மறியலில் முதல் வரிசையில் உட்காருவது வரை எல்லாவற்றிலும் இருந்தவன். நூலை அச்சகத்திலிருந்து தூக்கிக்கொண்டு வந்ததும் அவன்தான். படித்துவிட்டு இரண்டு நாள் கழித்து வந்தான்.

"அண்ணே, பதினோராம் பக்கம் வாசிச்சேன். நான் எந்த ஊருக்குப் போகணும்னு அதுல போடலியே?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே விவரம் கேட்பதுபோலக் கேட்டான். நான் ஏதோ வரலாறு, தரவு என்று உளறினேன். அவன் தலையாட்டிவிட்டுப் போனான். பிறகு கூட்டங்களுக்கு வரவில்லை. மீதமிருந்த பிரதிகளை நான் அதன் பிறகு யாருக்கும் கொடுக்கவில்லை. கொடுத்தவற்றைத் திரும்ப வாங்கவும் முடியவில்லை.

தம்பி, தங்கைகளே, பூர்வீக அம்பு இப்படித்தான் வேலை செய்யும். மேலே குறிபார்த்து விட்டாலும் கீழே இருப்பவன் மேல்தான் விழும். தெலுங்கு வீடாக இருந்தாலும் கட்டபொம்மனுக்கு நாம் சிலை வைக்கிறோம். அவர் கோட்டையை அரசாங்கம் 1974-ல் திரும்பக் கட்டியது. சரிதான், கும்பினியை எதிர்த்துத் தூக்கில் தொங்கியவர், வைக்கத்தான் வேண்டும். அதே நேரத்தில் வீட்டில் தெலுங்கு பேசும் அருந்ததியர் தங்களுக்கு உரிய 3 சதவீத உள் ஒதுக்கீட்டை 2009-ல் பெற்றபோது, "இவர்கள் தமிழர்களா?" என்று கேட்டவர்கள் யார்? நம்மிலும் சிலர் கேட்டோம். நெற்கட்டும்செவலில் பூலித்தேவனின் படையில் நின்ற ஒண்டிவீரன் எந்த மொழியில் கனவு கண்டான் என்று வெள்ளைக்காரன் கேட்டுக்கொண்டு சுடவில்லை.

வந்தவர், இருந்தவர் என்ற கணக்குக்கு அறிவியலும் துணை வராது. இந்திய மக்களின் மரபணுக்களை ஆராய்ந்து 2009-லும் 2013-லும் வெளியான ஆய்வுகள், இந்த நாட்டில் ஏறக்குறைய எல்லாச் சமூகமும் கலப்பில் பிறந்தது என்று காட்டின. அந்தக் கலப்பு சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை நடந்திருக்கிறது. அதன் பிறகு அகமணம் இறுகி, கதவு ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டது. மரபணு என்ற சொல்லே பரவலாகாத 1916-ல், சாதியின் சாரம் அகமணம்தான் என்று ஓர் 25 வயது மாணவர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கட்டுரை வாசித்தார். அவர் பெயர் அம்பேத்கர். எங்கிருந்து வந்தோம் என்பது எல்லோருக்கும் பொதுவான கதை. கதவைச் சாத்தியது யார் என்பதுதான் நம் வழக்கு.

பெரிய பெயர் காப்பாற்றுமா?

ஜாட் பூர்வீகத்தைப் பார்த்துத்தான் தம்பி நோட்டுப் போட்டான். ஆகவே ஹரியானாவுக்கே போய் வருவோம். 2010 ஏப்ரல் 21-ல் ஹிசார் மாவட்டம் மிர்ச்பூரில், ஒரு நாய் குரைத்ததில் தொடங்கிய தகராறு வளர்ந்து, ஆதிக்க ஜாட் கூட்டம் தலித் வீடுகளைக் கொளுத்தியது. நடக்க முடியாத ஓர் இளம்பெண்ணும் அவருடைய வயதான தந்தையும் எரிந்து செத்தார்கள். அந்த மக்களின் சாதிப் பெயர் வால்மீகி. ராமாயணம் பாடிய முனிவரின் பெயர். அதைவிடப் பெரிய பெயர் இந்து சமூகத்தில் யாருக்கு வேண்டும்? கொளுத்த வந்தவர்கள் அந்தப் பெயருக்குக் கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பவில்லை.

நம் ஊரிலேயே பாருங்கள். கவர்னகிரி சுந்தரலிங்கம் கட்டபொம்மனின் தளபதி. 1799-ல் வெடிமருந்துக் கிடங்கைத் தகர்த்து உயிர் கொடுத்தார் என்பது மக்கள் நினைவு. 1997-ல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட போக்குவரத்துக் கழகத்துக்கு அவர் பெயரை அரசு வைத்தது. அந்தப் பெயர் எழுதிய பேருந்தில் ஏற மாட்டோம் என்று ஆதிக்க சாதியினர் தெற்கே கலவரம் செய்தார்கள். கடைசியில் அரசு எல்லாத் தலைவர்கள் பெயரையும் எல்லா மாவட்டங்களிலிருந்தும் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எடுத்துவிட்டது. ஒரு தலித் வீரனின் பெயரைப் பேருந்தில் தாங்குவதைவிட, எல்லாப் பெயரையும் அழிப்பது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது. அவர்கள் சுந்தரலிங்கம் வீரரா என்று விவாதிக்கவில்லை. வீரர் என்பதால்தான் எரிச்சலே வந்தது. சான்று போதாமல் நமக்கு மரியாதை மறுக்கப்படுகிறது என்று நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1995 ஆகஸ்ட் 31-ல், இதே ஓட்டப்பிடாரம் வட்டாரத்தில் கொடியன்குளத்துக்குள் போலீஸ் புகுந்தது. வெளிநாடு போய்ச் சம்பாதித்தும் படித்தும் கொஞ்சம் நிமிர்ந்திருந்த ஊர். வீட்டுச் சாமான்களை உடைத்தார்கள், தானியத்தைப் பாழாக்கினார்கள், சான்றிதழ்களைக் கூட விடவில்லை. அங்கே அவர்கள் அடித்தது நம் பூர்வீகத்தை இல்லை. நம் நிகழ்காலத்தை அடித்தார்கள்.

நாடார் சமூகத்தின் அனுபவமும் இதைத்தான் சொல்கிறது. 1897-ல் கமுதி கோயிலுக்குள் நுழைந்ததற்காக வழக்கு நடந்தது. சான்றோர், சத்திரியர் என்று எத்தனையோ சான்று காட்டியும் 1908-ல் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் தோற்றார்கள். ஆனால் அவர்கள் அதோடு நிற்கவில்லை. உறவின்முறை, மகமை, பள்ளிக்கூடம், கடை என்று நிகழ்காலத்தைக் கட்டினார்கள். 1939-ல் மதுரை மீனாட்சி கோயில் கதவு திறந்தது. அதைத் திறந்தது போராட்டமும், தொடர்ந்து வந்த சட்டமும். வேர்ச்சொல் திறக்கவில்லை.

பெயர் நம் உரிமை

அப்படியானால் தேவேந்திரகுல வேளாளர் என்ற பெயர் தேவையில்லையா என்று கேட்பீர்கள். தேவைதான். எவனோ திண்ணையில் கூவிய பெயரைத் தூக்கி எறிந்துவிட்டு, நாம் விரும்பும் பெயரை நாம் வைத்துக்கொள்வது மனித உரிமை. 1922-ல் எம்.சி. ராஜா போராடி 'ஆதி திராவிடர்' என்ற பெயரை அரசு ஏட்டில் ஏற்றினார். 'ஹரிஜன்' என்று மற்றவர்கள் வைத்த பெயரை அம்பேத்கர் ஏற்க மறுத்தார். இவர்கள் யாரும் வம்சாவளி காட்டிப் பெயர் கேட்கவில்லை. எங்களை இப்படிக் கூப்பிடு என்றார்கள். அவ்வளவுதான். குழந்தைக்குப் பெயர் வைக்க யாராவது கல்வெட்டுக் கேட்கிறார்களா?

2021-ல் ஏழு பெயர்களை ஒன்றாக்கிச் சட்டம் வந்தது. அந்த ஏழில் ஒன்று கடையன். என் அப்பாவைப் பெற்ற ஆச்சி இந்தக் கடற்கரையில் கடையர் வீட்டில் பிறந்தவள். சிப்பியும் சங்கும் பொறுக்கிச் சுண்ணாம்பு சுட்ட சனம். முத்துக்குளிக்கும் கடற்கரை என்றால் முத்தையும் பரதவர் குலத் தலைவரையும் எழுதுகிறார்கள். சங்குக்கு மூச்சடக்கி முங்கிய கடையரையும், சூளையில் வெந்தவர்களையும் எழுதுவது குறைவு. தம்பியின் நோட்டை நான் முழுதும் புரட்டிப் பார்த்தேன். குசிநகரம் இருந்தது, கருங்கடல் இருந்தது. ஒரு கடையர் வீடுகூட இல்லை. அரசன் இல்லாத இடத்தில் அம்பு போவதில்லை.

ஆச்சி ஒரு சூளையைப் பற்றிச் சொல்வாள். எந்தச் சிப்பி சீக்கிரம் வேகும், எது வெடிக்கும், நீற்றும்போது காற்று எந்தப் பக்கம் அடித்தால் கண் போகும் என்று. தூத்துக்குடியில் பழைய மாடி வீடுகளைப் பார்க்கும்போதெல்லாம், "இதுல பூசுனது எங்க கைச் சுண்ணாம்புலா" என்பாள். ஆண்ட கதை அவளுக்குத் தெரியாது. அதனால் அவளுக்கு ஒரு குறையும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. அவள் சொன்னதில் பாதியைக்கூட நான் எழுதி வைக்கவில்லை. அந்த வருடங்களில் நான் நூலகத்தில் உட்கார்ந்து அரச வம்சம் தேடிக்கொண்டிருந்தேன். அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

தம்பிக்கு நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அம்பின் எந்த முனையையும் அழிக்கச் சொல்லவில்லை. பின்பக்கத்துக் காலித் தாள்களைக் காட்டினேன். உன் அம்மாவிடம், அவளைப் பெற்றவளிடம், உப்புப் பாத்தியில் நின்றவர்களிடம் கேட்டு இதை நிரப்பிக்கொண்டு வா என்றேன். என்ன கூலி, யார் மேஸ்திரி, எந்தக் கிணற்றில் தண்ணீர் எடுக்க விடவில்லை, யார் முதலில் எதிர்த்துப் பேசியது, கொடியன்குளத்தன்று எங்கே ஓடினீர்கள் என்று கேள். வருடத்தோடு எழுது. தெரியாததைத் தெரியாது என்று எழுது. கவர்னகிரியில் கேள், பக்கத்துத் தெரு அருந்ததியர் வீட்டிலும் போய் உட்கார்ந்து கேள். அவர்கள் வீட்டுத் தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டுக் கேள்.

"அப்ப முன்னுரை?" என்றான்.

"அதைக் கொண்டு வா, எழுதித் தாரேன். அதுக்கு முன்னால 1998-ல ஒருத்தன்கிட்ட நான் கேக்க வேண்டிய மன்னிப்பு ஒண்ணு பாக்கி இருக்கு. அதையும் அதுலயே எழுதுதேன்."

ஜெய் பீம்.